மெதேனின் ஆயுளை அளந்த கதை

கல்லோயாத் தண்ணீர் பாய்ந்து வேளாண்மை வளர்ந்து நிற்கும் நாட்களில், வீரமுனை, சம்மாந்துறைப் பக்கத்து வட்டைகளில் வரம்போரச் சேற்றை மிதித்தால் குமிழிகள் கிளம்பும். அவற்றில் மெதேன் இருக்கிறது. நீர் மூடிய மண்ணில் ஒட்சிசன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் விடும் வாயு அது. பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியே சத்தமின்றி வெளியேறுகிறது. பூமி சூடாவதற்கு வயலும் காரணம் என்று சொல்லுமுன், அந்த மெதேன் காற்றில் எத்தனை காலம் தங்கும் என்று கேட்க வேண்டும். அதற்கான விடையை வயலில் நின்று அறிய முடியாது. இரண்டு வாயுக்கள் எவ்வளவு விரைவாகத் தாக்கமுறுகின்றன என்பதை அளந்துதான் அறிய வேண்டும்.

காற்றிலுள்ள மெதேனைப் பெரும்பாலும் அழிப்பது ஐதரொட்சில் மூலிகம். உண்டான ஒரு விநாடிக்குள்ளாகவே அது வேறெதனுடனாவது சேர்ந்து மறைந்துவிடும். உயர்தர மாணவர்கள் தயோசல்பேற்றில் அமிலம் ஊற்றி, கடதாசியில் போட்ட புள்ளடி மறையும்வரை நேரம் பார்க்கும் முறை இங்கே எடுபடாது. ஆய்வுகூடத்தில் ஒரு கலத்தில் மெதேனை மிகுதியாக விட்டு, சிறிது ஐதரசன் பேரொட்சைட்டு ஆவியும் சேர்த்து, லேசர் துடிப்பொன்றால் அந்த ஆவியை உடைத்து மூலிகத்தை உண்டாக்குவார்கள். இன்னொரு லேசர் பட்டதும் மூலிகம் ஒளிரும். அந்த ஒளி மங்கும் வேகமே மூலிகம் குறையும் வேகம். மெதேனைக் கூட்டக்கூட்ட ஒளி எவ்வளவு விரைவாக மங்குகிறது என்று வரைபில் குறித்தால், கோட்டின் சாய்வு வீத மாறிலியைத் தரும். கேட்க எளிது, செய்வது கடினம். ஈதேன் இதே மூலிகத்துடன் ஏறத்தாழ 40 மடங்கு விரைவாகத் தாக்கமுறும். மெதேனில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஈதேன் கலந்திருந்தாலே விடை 4 சதவீதம் கூடிவிடும்.

இந்தியாவில் பிறந்த இரசாயனவியலாளர் ரவிசங்கரா, 1991இல் வக்ஜியானியுடன் சேர்ந்து அமெரிக்காவின் போல்டரில் மெதேனும் மூலிகமும் தாக்கமுறும் வேகத்தை மீண்டும் அளந்தார். அதுவரை நம்பியதைவிடத் தாக்கம் மெதுவானது, ஆகவே மெதேனின் ஆயுள் கால்வாசியளவு கூடுதல் என்று தெரிந்தது. மதகு வழியே வெளியேறும் நீர் நினைத்ததைவிடக் குறைவென்றால், குளத்துக்கு வரும் நீரும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அதே நியாயப்படி, வயல், சதுப்பு, மாடு, எரிவாயுக் கசிவு எல்லாம் சேர்ந்து விடும் மெதேனின் மதிப்பீடும் இறங்கியது. கலம் வானமாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் கலத்தைக் குளிரவைத்தும் சூடாக்கியும் அளக்கிறார்கள். வானத்திலேயே சரிபார்க்கவும் வழியுண்டு. மனிதன் மட்டுமே பெருமளவில் உற்பத்தி செய்த மெதைல் குளோரோபோம் காற்றில் குறைந்துவரும் வேகம், மூலிகம் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. ஆனால் அதிலிருந்து மெதேனின் ஆயுளுக்கு வர, இரு தாக்கங்களின் வேகமும் ஆய்வுகூடத்தில் அளக்கப்பட்டிருக்க வேண்டும்.

இன்றைய கணக்கில் அந்த ஆயுள் சுமார் 9 ஆண்டு. காபனீரொட்சைட்டின் பாதிப்போ நூற்றாண்டுகளுக்கு நீளும். வயலில் நீரை இடையிடையே வற்றவிட்டுக் கட்டினால் மண்ணுக்குள் ஒட்சிசன் போகும், மெதேன் குறையும். அந்தக் குறைவைக் காற்றில் காண ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியதில்லை.