கேள்வி கேட்கும் உத்தியோகம்

டென்னிஸ் கற்றுக்கொடுக்க வந்த ஆசிரியர் ஒருவர், மட்டையை எப்படிப் பிடிப்பது, முழங்கையை எவ்வளவு மடக்குவது என்பனவற்றையெல்லாம் சொல்லித் தராமல், பந்து தரையில் பட்டு எழும்போது ஒரு வார்த்தையும் மட்டையில் படும்போது வேறொரு வார்த்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடு என்று மட்டும் மாணவனிடம் கூறிவிட்டு ஒதுங்கி நின்றால், வாங்குகிற சம்பளத்துக்கு அவர் வேலை செய்யவில்லை என்றே நமக்குத் தோன்றும். அமெரிக்காவில் டிமோதி கால்வே என்பவர் இந்த விநோதமான முறையைத்தான் கையாண்டார். சிந்தை முழுவதும் பந்தில் லயித்துவிட்ட மாணவன், தன்னைத்தானே ஓயாமல் கடிந்துகொள்ளும் உள்குரலை மறந்து, யாரும் போதிக்காத திருத்தங்களைத் தானாகவே செய்துகொள்வதை அவர் கண்டார். இந்த அனுபவத்தை விவரித்து 1974-இல் அவர் எழுதிய ‘தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்’ என்ற புத்தகம் ஆடுகளத்தைத் தாண்டிக் கம்பெனி அலுவலகங்களுக்குள்ளும் புகுந்தது. மோட்டார் பந்தய வீரராயிருந்த ஆங்கிலேயர் ஸர் ஜான் விட்மோர் அதே போக்கை உத்தியோகஸ்தர்களுக்கு ஏற்றவாறு விஸ்தரித்து, 1992-இல் ‘கோச்சிங் ஃபார் பெர்ஃபார்மன்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். அடைய விரும்புவது யாது, இன்றைய நிலை யாது, கைவசமுள்ள வழிகள் எவை, இனிச் செய்யப்போவது என்ன என்று அந்நூல் பிரபலப்படுத்திய நான்கு கேள்விகள் இன்றும், கேள்விகளின் மூலம் பிறரை வழிநடத்தும் ‘கோச்’ தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஆரம்ப பாடமாக விளங்குகின்றன.

புத்திமதி சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்பதற்கு ஒருவருக்குப் பணம் கொடுப்பானேன் என்ற சந்தேகம் நியாயமானதே. அதற்கு மனோதத்துவ சாஸ்திரம் ஓரளவு விடை தருகிறது. வேலை செய்பவரிடம் அவருடைய குறை நிறைகளை எடுத்துச் சொல்வதால் விளையும் பலனைப் பற்றி அதுவரை நடந்திருந்த பரிசோதனைகளைத் திரட்டி, 607 அளவீடுகளைக் க்ளூகர், டெனிஸி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1996-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மொத்தத்தில் அபிவிருத்தி தென்பட்டது வாஸ்தவமே. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் விமரிசனத்துக்குப் பிறகு வேலை முன்னைவிட மோசமாயிற்று. செய்யும் காரியத்திலிருந்து கவனம் விலகி, ‘நான் எப்படிப்பட்டவன்?’ என்ற தன்மானப் பிரச்சினையின்மேல் திரும்பும்போதுதான் கெடுதல் நேர்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். கால்வே ஆடுகளத்தில் கண்டதும் ஏறக்குறைய இதுவே.

நல்ல எண்ணம் காரியமாக மாறாமல் போவது ஏன் என்பது இன்னொரு பழைய புதிர். ‘இனிமேல் என் கீழுள்ளவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பேன்’ என்று மேலதிகாரி ஒருவர் செய்யும் சங்கல்பம் பெரும்பாலும் அந்த வாரத்தைத் தாண்டுவதில்லை. ‘திங்கட்கிழமைக் கூட்டத்தில் யாரேனும் ஆட்சேபம் சொன்னால், பதில் சொல்லுமுன் அவரை ஒரு கேள்வி கேட்பேன்’ என்று சந்தர்ப்பத்தையும் செயலையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால் நிலைமை மாறுகிறது. ஜெர்மானிய மனோதத்துவ அறிஞர் பீட்டர் கோல்விட்ஸர் ஆராய்ந்து நிலைநாட்டிய இந்த உபாயத்தை 2006-இல் 94 பரிசோதனைகளின் முடிவுகளைக் கொண்டு சீர்தூக்கிப் பார்த்தபோது, அதன் பலன் அற்பமானதல்ல என்று தெரியவந்தது. கோச்சின் கைவசமுள்ள கருவிகளில் இதைவிட எளியதும் நம்பகமானதும் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இதற்கு மாறாக, 21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று மேடைக்கு மேடை சொல்லப்படுகிறதே, அது மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர், நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது அத்தனை நாளாவது பிடிக்கிறது என்று 1960-இல் எழுதியதிலிருந்து திரிந்து வந்த கதை. லண்டனில் 96 பேருடன் தொடங்கி 2010-இல் வெளியான ஆராய்ச்சியோ, பழக்கம் வேரூன்ற 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டது.

இனி மூளையின் விஷயத்துக்கு வருவோம். லண்டன் டாக்ஸி ஓட்டிகள் லைசென்ஸ் பெறுவதற்காக, அந்நகரின் ஆயிரக்கணக்கான தெருக்களை வருஷக்கணக்கில் மனனம் செய்கிறார்கள். இந்தப் பரீட்சைக்குப் படித்தவர்களைத் தொடர்ந்து கவனித்த எலினார் மக்வயர் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர், தேறியவர்களுடைய மூளையில் ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்பாகம் வளர்ந்திருந்ததையும், தேறாதவர்களிடம் அந்த வளர்ச்சி இல்லாததையும் 2011-இல் எடுத்துக் காட்டினார்கள். வயது வந்த பின்னும் மூளை மாறக்கூடியது என்ற இச்செய்தியைக் கோச்சிங் விளம்பரங்கள் ஆவலோடு எடுத்தாளுகின்றன. அந்த மாறுதலுக்கு வருஷக்கணக்கான கடும் உழைப்பு தேவைப்பட்டது என்பதை மட்டும் சௌகரியமாக விட்டுவிடுகின்றன. ஆறு சந்திப்புகளில் மூளையைத் திருத்தி அமைப்பதாகச் சொல்கிறவரிடம் ஜாக்கிரதையாகவே இருக்க வேண்டும்.

இத்தகைய பேச்சு நம்மை ஏன் இவ்வளவு எளிதில் வசப்படுத்துகிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். டீனா வைஸ்பெர்க் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய சகாக்களும், தமக்குத் தெரிந்தது பிறருக்கும் தெரிந்திருக்கும் என்று மனிதர் மிகையாக மதிப்பிடுவது போன்ற சில மன இயல்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் சரியான விளக்கம் ஒன்றும், சொன்னதையே திருப்பிச் சொல்லும் போலி விளக்கம் ஒன்றும் எழுதினார்கள். பிறகு இரண்டிலும் ‘மூளைப் படங்கள் காட்டுகிறபடி, முன்மூளையின் நரம்புச் சுற்றினால்’ என்பது போன்ற, விஷயத்துக்குச் சிறிதும் பயன்படாத ஒரு தொடரைச் செருகியும் செருகாமலும் படிக்கத் தந்தார்கள். மூளை என்ற பேச்சு வந்ததும், போலி விளக்கங்கள் சாதாரண ஜனங்களுக்கு அது இல்லாதபோதைவிடத் திருப்தியாகத் தோன்றின. நரம்பியல் பாடம் படித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களும் அதே மயக்கத்துக்கு ஆளானார்கள் என்பதுதான் விசேஷம். ஏமாறாமல் தப்பியவர்கள் அத்துறையின் நிபுணர்களே. அரைகுறையாக நரம்பியல் படித்த கோச், தம்மிடம் வருகிறவரை ஏமாற்றுமுன் தாமே ஏமாந்து போகிறார் என்பது 2008-இல் வெளியான இந்தப் பரிசோதனையிலிருந்து நான் பெற்ற அபிப்பிராயம்.

இதைத் தொழிலாக ஏற்க எண்ணுகிறவர் அறியவேண்டியது, டாக்டரையும் வக்கீலையும் கட்டுப்படுத்தும் சட்டபூர்வமான லைசென்ஸ் பெரும்பாலான தேசங்களில் கோச்சுக்குக் கிடையாது, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம் என்பது. 1995-இல் தோன்றிய இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் என்ற சங்கம் வழங்கும் முதற்படிச் சான்றிதழுக்கு 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர அனுபவமும், உச்சப்படிக்கு 200 மணி நேரப் படிப்பும் 2,500 மணி நேர அனுபவமும் வேண்டும். வாரக்கணக்காகத் தூக்கமின்றி, எதிலும் நாட்டமின்றி, வாழ்வே பாரமென்று சொல்லிக்கொண்டு ஒருவர் எதிரே வந்து உட்காரும்போது விட்மோரின் நான்கு கேள்விகள் உதவமாட்டா. அந்த நிலையை இனங்கண்டு அவரைத் தகுந்த வைத்தியரிடம் அனுப்புவதையும் கோச்சின் கடமைகளில் ஒன்றாகவே அச்சங்கம் வகுத்திருக்கிறது.