மண்பானைத் தத்துவமும் பறித்த காயும்

சித்திரை வெயிலிலும் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. அதே தண்ணீர் எவர்சில்வர் குடத்தில் வெதுவெதுப்பாகிவிடுகிறதே, ஏன்? பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகிறது. சும்மா ஆவியாகுமா? ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அதைப் பக்கத்தில் உள்ள பொருளிடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும். ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோ கலோரிதான். ஆக, காசு கொடுத்து வாங்கும் ஐஸைப்போல ஏழு மடங்கு வேலையை உங்கள் கிணற்றுத் தண்ணீர் செய்யும்!

விடியலில் பரவை மார்க்கெட்டுக்குப் போகவேண்டிய கத்திரி, வெண்டையை முதல்நாளே பறித்து வைக்கிறீர்கள். பறித்த காயும் மூச்சுவிடும், சூடாகும், வதங்கும். எடை குறைந்தால் விலையும் போச்சு.

இதற்கென டில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1980-களில் கரண்ட் தேவைப்படாத குளிர் அறை ஒன்றை உருவாக்கியது. கொட்டகை நிழலில், செங்கல் பரப்பிய தரைமேல் இரட்டைச் செங்கல் சுவர் எழுப்புங்கள். சுவர்களுக்கு நடுவே மூன்று அங்குலம் விட்டு மணல் நிரப்புங்கள். காலையும் மாலையும் மணலை நனையுங்கள். காய்க் கூடைகளை உள்ளே வைத்து, ஈரச்சாக்கால் மூடுங்கள். வறண்ட கோடையில் பத்து டிகிரி வரைகூட சூடு குறையும்.

சாக்கை இறுக்கித் தைத்து அதன்மேல் குடம் குடமாய் ஊற்றுவது வேறு சங்கதி. உள்ளே காற்றே போகாது, காய் அழுகும். ஐப்பசி அடைமழையில் காற்றே ஈரமாய் இருப்பதால் அறையிலும் குளிர்ச்சி குறைவுதான். வெங்காயத்தை மட்டும் எந்தக் காலத்திலும் இதில் வைக்காதீர்கள். அதற்கு உலர்ந்த காற்றோட்டமே வேண்டும்.