அயல்வீட்டு வேதம்

சைவக் குடும்பத்துப் பிள்ளையொன்று விவிலிய நூலைக் கையில் எடுத்தால் நம் வீடுகளில் இன்றும் ஒரு கலக்கம் உண்டாகின்றது. "யார் தந்தது? எந்தச் சபைக்காரர் வந்துபோனார்?" என்று விசாரணை தொடங்கிவிடும். அதே பிள்ளை துப்பறியும் நாவலொன்றை விரித்து வைத்திருந்தால் எவரும் திரும்பிப் பாரார். விசாரணைக்குள்ளான பிள்ளை அடுத்த முறை அந்நூலைத் தலையணையின் கீழ் மறைத்து வைத்து வாசிக்கும். அல்லது வாசிக்காமலே விட்டுவிடும். இரண்டும் நன்றன்று என்பது நமது துணிபு. இந்துக் கல்லூரியொன்றிற் பல்லாண்டு கற்பித்துவரும் நாம் இவ்வாறு எழுதுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும், நம் இளைஞர் கிறிஸ்தவ சமயத்தை அச்சமின்றியும் வெளிப்படையாகவும் ஆராய்ந்தறிதல் வேண்டும் என்பதையே இங்குச் சொல்லப் புகுந்தோம்.

பெற்றோரின் அச்சம் காரணமற்றதன்று. 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர் ஆட்சியிலே நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. விரத நாளில் உண்ட வாழையிலையை வெளியே எறியாது கூரையிற் செருகி மறைத்த கதையை நம் பாட்டிமார் வழிவழியாகச் சொல்லிவந்தனர். 1658இல் வந்த ஒல்லாந்தர் காலத்தில், உத்தியோகம் பெறவும் விவாகத்தைப் பதிவு செய்யவும் ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திற் கிறிஸ்தவராயும், வீட்டிற் சைவராயும் மக்கள் இருவாழ்வு வாழ்ந்தனர். பின்னர் 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து கல்வியையும் வைத்தியத்தையும் நல்கியபோதும், பள்ளிக்கூடத்து வாயிலுக்கு அப்பால் தேவாலயத்து வாயில் இருக்கின்றதென்பதை நம் முன்னோர் மறந்தாரில்லர். இத்தனையும் கண்ட ஒரு சமூகம் அச்சம் கொள்ளுதல் இயல்பே. ஆனால், வற்புறுத்தலுக்கு அஞ்சுதல் வேறு, அறிவுக்கு அஞ்சுதல் வேறு.

இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டியவர் நம் நல்லூர் ஆறுமுக நாவலரே. சைவத்தின் காவலர் என்று அவரைப் போற்றும் நாம், இளமையில் அவர் எங்கே கற்றார், எதனைச் செய்தார் என்பதை மேடைகளில் விரைந்து கடந்துவிடுகின்றோம். அவர் ஆங்கிலம் பயின்றது மெதடிஸ்த மிஷனரிமாரின் பாடசாலையில். அங்கேயே ஆசிரியராகிப் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் அச்சாகி வெளிவந்தது. 1847ஆம் ஆண்டு திசெம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் தமது சைவப் பிரசங்கங்களைத் தொடங்கியபோதும் அவர் அப்பணியிலிருந்து விலகியிருக்கவில்லை. அடுத்த ஆண்டே விலகினார். 1854இல் அவர் எழுதிய சைவ தூஷண பரிகாரம் என்னும் கண்டன நூலைப் புரட்டுவோர், அதன் வலிமை எங்கிருந்து வந்ததென்பதை உடனே உணர்வர். யூதரின் ஆலய வழிபாடு, பலி, தூபம், தீபம் ஆகியவற்றை விவிலியத்திலிருந்தே எடுத்துக்காட்டி, சைவக் கிரியைகளை இகழ்வோர்க்கு அவர் விடையிறுத்தார். வரிவரியாகப் படித்த ஒருவராலன்றி அது இயலாது. அவர் பெயரால் நூலை மூடிவைப்பது விந்தையாகவே இருக்கின்றது.

இன்றைய நிலை யாது? நம் நாட்டுப் பாடசாலைகளிற் சமயம் கட்டாய பாடம். சமய பாடவேளை வந்ததும் வகுப்புப் பிரிகின்றது: சைவப் பிள்ளைகள் சைவநெறிக்கு, கத்தோலிக்கர் தம் பாடத்துக்கு, ஏனைய கிறிஸ்தவர் தம் பாடத்துக்கு. ஒரே வாங்கில் இருந்து கணிதம் கற்ற இருவர் கடவுளைப் பற்றிக் கற்கும்போது மாத்திரம் வெவ்வேறு அறைக்குப் போகின்றனர். தத்தம் சமயத்தைத் தெளிவாகக் கற்பதற்கு இவ்வேற்பாடு உதவுகின்றது. அதனை நாம் குறைகூறவில்லை. எனினும், பதினொரு ஆண்டு சமயம் கற்று, சாதாரண தரப் பரீட்சையில் விசேட சித்தியும் பெற்ற மாணவன், பக்கத்து வாங்குத் தோழன் எதை நம்புகின்றான் என்று அறியாமலே வெளியேறுகின்றான். 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்து ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலர் மாண்டபோது நாமெல்லாம் அழுதோம். அப்பிள்ளைகள் அன்று காலை எதனைக் கொண்டாட அங்கே கூடினர் என்று கேட்டால், உயிர்த்த ஞாயிறு என்னும் பெயருக்கு மேல் ஒன்றும் சொல்ல அறியாதோர் நம்மிற் பலர்.

ஆகவே வாசிக்கலாம். ஆனால், எங்கிருந்து தொடங்குவது? முதற் பக்கத்திலிருந்து தொடங்கும் மாணவர் ஆதியாகமத்தையும் யாத்திராகமத்தையும் ஆர்வத்தோடு கடந்து, லேவியராகமத்திற் களைத்து, எண்ணாகமத்தில் உறங்கிவிடுவர். காந்தியடிகளுக்கும் இதுவே நேர்ந்தது. இலண்டனிற் சட்டம் பயின்ற நாளில் ஒரு கிறிஸ்தவ நண்பரின் தூண்டுதலால் வாசிக்கத் தொடங்கிய அவர், எண்ணாகமத்தைப் பெரும் சலிப்போடு கடந்ததாகத் தம் சுயசரிதையில் ஒப்புக்கொள்கின்றார். புதிய ஏற்பாட்டின் மலைப்பிரசங்கமோ அவர் நெஞ்சில் நேரே சென்று பதிந்தது. அதனைக் கீதையோடு ஒப்பிட்டு மகிழ்ந்தார். இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார் என்பதையும், அதற்காக அப்பிரசங்கத்தை ஒருபோதும் கைவிட்டாரல்லர் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

சைவ மாணவன் ஒருவன் தரித்துநின்று வாசிக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. அது யோவான் எழுதிய சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரம். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர், இவன் இவ்வாறு பிறந்தது தான் செய்த பாவத்தாலோ, பெற்றோர் செய்த பாவத்தாலோ என்று வினவுகின்றனர். நம் காதுக்கு இது எவ்வளவு பழகிய கேள்வி! வினைப்பயன் என்று விடையிறுக்க நாம் வாயெடுக்கும்போதே, இயேசு இரண்டையும் மறுத்துவிடுகின்றார். கடவுளின் செயல் இவனிடத்தில் வெளிப்படுதற்கே என்னும் கருத்துப்பட மொழிந்து, அவன் கண்ணைத் திறக்கின்றார். ஈண்டு நம் சித்தாந்தமும் கிறிஸ்தவமும் பிரிகின்றன. எடுத்த பிறவிக்கு முந்திய பிறவி உண்டென்பது நமது கொள்கை. பிறவி ஒன்றே என்பது அவர்களது. துன்பத்துக்குக் காரணத்தை நாம் பின்னோக்கித் தேடுகின்றோம். அந்த அதிகாரமோ முன்னோக்கிப் பார்க்கச் சொல்கின்றது. எது சரியென்று இக்கட்டுரையில் நாம் தீர்க்கப்போவதில்லை. ஆயினும், மாற்றுத்திறனாளிப் பிள்ளையுள்ள வீட்டுக்குப் போய் "எல்லாம் முற்பிறப்பில் செய்த பாவம்" என்று ஆறுதல் கூறிவரும் உறவினர் சிலர் அந்த அதிகாரத்தை வாசித்திருந்தால் தேவலை என்று நாம் எண்ணியதுண்டு.

பிரிவது போலவே நெருங்கும் இடமும் உண்டு. லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில், சொத்தைப் பிரித்து வாங்கி அழித்துவிட்டுத் திரும்பும் மகனைத் தூரத்திற் கண்டதும் ஓடிச்சென்று தழுவும் தகப்பனைக் காண்கின்றோம். தகுதியற்றவன் மேல் தானாக வந்து பொழியும் அருளை எண்ணி உருகிய மாணிக்கவாசகரைப் பயின்ற பிள்ளைக்கு அத்தகப்பன் அந்நியனல்லன். ஜி. யு. போப் என்னும் ஆங்கிலப் பாதிரியார் தம் முதுமையில் திருவாசகம் முழுவதையும் ஆங்கிலமாக்கி 1900இல் வெளியிட்டார். மறுகரையிலிருந்து ஒருவர் அவ்வளவு தூரம் நீந்தி வந்திருக்க, நாம் முழங்கால் நீரிலும் இறங்கத் தயங்குகின்றோம்.

இன்னொன்று: நூலோடு நில்லாது மனிதரையும் காணவேண்டும். தோழனுடன் ஒரு ஞாயிறு தேவாலயத்துக்குப் போய்ப் பின் வரிசையில் அமரலாம். கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை வாங்க எழுந்து செல்லலாகாது. அது ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர்க்கு உரியது. வீட்டாருக்குச் சொல்லிவிட்டுப் போதல் மிக முக்கியம். ஒளித்துச் செல்லும் ஆராய்ச்சி, ஆராய்ச்சியன்று. நோய் தீரும், விசா கிடைக்கும், கடன் அடையும் என்று கூறி அழைப்போரிடத்தில் இளைஞர் எச்சரிக்கையாயிருத்தல் நன்று. வறுமைப்பட்ட வீட்டின் வாசலிற் பொதியோடு வந்து நிற்பவர் கொண்டுவருவது சமயமா, பேரமா என்று கேட்டறியும் உரிமை எவர்க்கும் உண்டு. நேர்த்திக்கடன் வைத்துப் பரீட்சைச் சித்தி கேட்கும் நாமும் அதே பேரத்தைத்தான் பேசுகின்றோம் என்று ஒரு மாணவி நம்மை மடக்கினாள். அதற்கு நம்மிடம் உடனடி விடை இருக்கவில்லை.

"எல்லாம் சரி, வாசித்த பிள்ளை கிறிஸ்தவனாகிவிட்டால்?" என்று பெற்றோர் கேட்பர். தவிர்க்கவியலாத கேள்வி இது. ஆகலாம். அவ்வாறு ஆகமாட்டான் என்று நாம் உறுதி கூறினால் அது பொய்யாகும். ஆகக்கூடாது என்னும் நிபந்தனையோடு ஆராயச் சொன்னால் அது ஆராய்ச்சியாகாது. தான் விரும்பும் சமயத்தைக் கைக்கொள்ளும் சுதந்திரத்தை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பத்தாவது உறுப்புரை ஒவ்வொருவர்க்கும் வழங்குகின்றது. தன் சமயத்தைக் கல்லாத பிள்ளை அயற் சமயத்தை ஆராய முடியாது என்பதும் உண்மையே. தேவாரம் ஒன்றேனும் பொருளுணர்ந்து ஓதத் தெரியாதவன் எதனோடு எதனை ஒப்பிடுவான்? வெறும் வீட்டில் எவரும் குடிபுகலாம். அது வந்தவரின் குற்றமன்று.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்று, 1857இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார், பின்னர்ச் சைவரானார். 1887இற் கலித்தொகையை அச்சேற்றித் தந்தவர் அவர். ஏறத்தாழ அதே காலத்தில், 1858இல், திருநெல்வேலிச் சீமையில் வைணவராய்ப் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை தம் முப்பத்தோராம் வயதிற் கிறிஸ்தவரானார். கம்பனிற் பயின்ற அவர் நாவிலிருந்து இரட்சணிய யாத்திரிகம் பிறந்தது. ஒருவர் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தார். மற்றவர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனார். இருவர் வீட்டிலும் அன்று கண்ணீரும் கோபமும் இருந்திருக்கும். தமிழ் இருவரையும் வைத்துக்கொண்டது.

மார்கழியில் நாம் திருவெம்பாவை ஓதும் நாட்களும் அயலார் நத்தார் கொண்டாடும் நாட்களும் அடுத்தடுத்து வருகின்றன. பாடசாலை விடுமுறையும் அப்போதுதான். நான்கு சுவிசேஷங்களுள் மாற்கு எழுதியதே சிறியது, பதினாறு அதிகாரங்கள். இரண்டு மாலைப் பொழுதுகளில் வாசித்து முடிக்கலாம். வீட்டு மண்டபத்தில், எல்லாரும் காண இருந்தே வாசிக்கலாம். பெற்றோரும் விரும்பினால் உடனிருந்து கேட்கலாம்.