அடுத்த ஈஸ்டருக்குப் பார்க்கலாம்

4ஆம் நூற்றாண்டு ரோமானியப் பேரரசில் கிறிஸ்துவை நம்புவதும் ஞானஸ்நானம் பெறுவதும் ஒன்றாக நடக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே சிலருக்கு ஒரு வாழ்நாளே கழிந்தது. கோயிலுக்கு வருவார்கள், பிரசங்கம் கேட்பார்கள். நற்கருணைப் பகுதி தொடங்கும் முன் வெளியே அனுப்பப்படுவார்கள். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். ஆயத்தமாகியே தலை நரைத்தவர்களும் உண்டு.

இதில் முதல் ஆள் பேரரசரே. 325இல் நிசேயா சங்கத்தைக் கூட்டிய கான்ஸ்டன்டைன், 337இல் சாகக் கிடந்தபோதுதான் நிக்கொமேதியா நகருக்கு வெளியே ஞானஸ்நானம் பெற்றார். இயேசு இறங்கிய யோர்தான் நதியிலேயே தாமும் இறங்க ஆசைப்பட்டுக் காத்திருந்ததாக அவர் சொன்னதை, செசரியா ஆயர் யூசேபியுஸ் பதிவு செய்திருக்கிறார். பக்தி மணக்கும் காரணம்தான். ஆனால் பெற்ற மகன் கிறிஸ்புஸை 326இல் கொல்லச் சொன்ன அரசருக்கு யோர்தான் மட்டுமே தடையாக இருந்திருக்க முடியாது.

தள்ளிப்போட்டதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. ஞானஸ்நானம் அதுவரை செய்த பாவங்கள் அத்தனையையும் கழுவும்; ஆனால் ஒரே ஒரு முறைதான் பெற முடியும். அதற்குப் பிறகு பெரும்பாவம் செய்தவர் ஊரறியப் பரிகாரம் செய்ய வேண்டும். அதே பெயருள்ள வேறொரு செசரியாவின் ஆயர் பேசில் வகுத்த விதிகளின்படி, தெரிந்தே கொலை செய்தவருக்கு 20 ஆண்டு, விபசாரத்துக்கு 15 ஆண்டு நற்கருணை கிடையாது. போரில் எதிரியைக் கொன்ற சிப்பாய்கூட 3 ஆண்டு விலகியிருப்பது நல்லது என்றார் அவர். படையில் இருப்பவரும் மரண தண்டனை விதிக்கும் அதிகாரியும் இதைக் கேட்டுவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்ததில் வியப்பில்லை. திருச்சபையின் கண்டிப்பே சாக்குக்கும் இடம் கொடுத்தது.

அந்தச் சாக்குகளை ஒன்றுவிடாமல் எடுத்துப் பேசியவர் நாசியான்சுஸ் கிரகோரி. 381ஐ ஒட்டி கான்ஸ்டான்டிநோபிளில் அவர் ஆற்றிய ஞானஸ்நான உரையில் ஊரார் பேச்செல்லாம் வரிசையாக வருகிறது. திருக்காட்சித் திருநாள் வந்தால் ஈஸ்டர் ஆகட்டும் என்பார்கள்; ஈஸ்டர் வந்தால் பெந்தெகொஸ்தே. சாதாரணக் குருவானவர் போதாது, ஆயர் வேண்டும். அவரும் பெரிய நகரத்து ஆயராக, நல்ல குடும்பத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும். ஏழையோடு ஒரே தண்ணீரில் இறங்கப் பணக்காரருக்குக் கூச்சம். காணிக்கை சேரவில்லை, வெள்ளை அங்கி தைக்கவில்லை, விருந்துக்கு வழியில்லை என்பார்கள் மற்றவர்கள். கிறிஸ்துவே 30 வயதில்தானே பெற்றார் என்று வேதத்தையும் துணைக்கு அழைப்பார்கள். திராட்சைத் தோட்டத்துக்குக் கடைசி மணியில் வந்தவனுக்கும் முழுக்கூலி கிடைத்த உவமை இவர்களுக்கு நல்ல வசதி. கிரகோரி அதற்கு வைத்த பதில் கூர்மையானது: அவன் தாமதமாக வந்தது யாரும் கூப்பிடாததால், கூப்பிட்டதும் போய்விட்டான்.

உரையில் மனதில் நிற்பது மரணப் படுக்கைக் காட்சி. ஒரு பக்கம் ஞானஸ்நானம் கொடுக்க வந்தவர், மறுபக்கம் உயிலில் பெயர் எழுதிக்கொள்ள வந்தவர். இருவருக்கும் அவசரம், இருவருக்கும் போதுமான நேரம் நோயாளியிடம் இல்லை. இதைப் பேசும் தகுதி கிரகோரிக்கு இருந்தது. ஆயரின் மகனாகப் பிறந்தும் இளைஞராகும்வரை அவர் ஞானஸ்நானம் பெறவில்லை. அலெக்சாந்திரியாவிலிருந்து ஏதென்சுக்குப் போன கப்பல் புயலில் சிக்கியபோது, மூழ்குவதைவிட ஞானஸ்நானமில்லாமல் மூழ்குவதே அவரை நடுங்க வைத்தது.

வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தேயில் இந்தக் கணக்கைப் போட்டவர் ஒரு பக்தியுள்ள தாய். சிறுவன் அகஸ்டின் கடும் வயிற்றுவலியில் ஞானஸ்நானம் கேட்டான், ஏற்பாடும் நடந்தது. பிழைத்துக்கொண்டதும் தாய் மோனிக்கா தள்ளிவைத்தார். கழுவிய பிறகு விழும் கறை இன்னும் மோசம் என்பது அவர் கவலை. ஞானஸ்நானம் ஆகாத பையன்தானே, இஷ்டம்போல இருக்கட்டும் என்று ஊரில் பேசிக்கொள்வது வழக்கம் என்றும், அது காயப்பட்டவனை இன்னும் குணமாகவில்லையே என்று மேலும் காயப்பட விடுவது போன்றது என்றும் அகஸ்டின் பின்னாளில் எழுதினார். 387 ஈஸ்டரில் மிலானில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த அம்புரோஸும், 374இல் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாளில் ஞானஸ்நானம் பெறாதவரே.

தடுக்கும் முயற்சி முன்பே தொடங்கியிருந்தது. 315 வாக்கில் கூடிய நியோசெசரியா சங்கம், நோயில் ஞானஸ்நானம் பெற்றவர் பொதுவாகக் குருவாக முடியாது என்று விதித்தது. அவருடைய விசுவாசம் விருப்பத்தால் வந்ததல்ல, நெருக்கடியால் வந்தது என்பது காரணம். பழக்கத்தை உண்மையில் ஒழித்தது குழந்தை ஞானஸ்நானம். 418இல் கார்த்தேஜ் சங்கம் அதை மறுத்தவர்களைக் கண்டித்தது. நாளடைவில் அதுவே வழக்கமாயிற்று.

ஆனால் தள்ளிப்போடும் குணம் போகவில்லை, நற்கருணைக்கு இடம் மாறியது. 506இல் ஆக்த் சங்கம், கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே என்ற மூன்று திருநாளிலாவது வாங்காதவரைக் கத்தோலிக்கராகக் கருத வேண்டாம் என்றது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை, ஈஸ்டரில், என்று அதையும் குறைத்தது. தகுந்த காரணம் இருந்து பங்குக் குருவும் ஒப்புக்கொண்டால், அந்த ஒரு முறையையும் சில காலம் தள்ளிவைக்கலாம் என்று அதே விதி சொல்கிறது.