கண்ணமங்கலத்தில் வேன் பேசும் முன்

வேலூரிலிருந்து வரும் சாலை போளூருக்கும் ஆரணிக்கும் பிரிகிற ஊர் கண்ணமங்கலம். ஆடி வெள்ளி வந்தால் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போக வேண்டும். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை. விடுமுறை என்றால் பிள்ளைகளுக்கு அமிர்தி உயிரியல் பூங்கா, ஜமுனாமரத்தூர், பீமன் அருவி. இவற்றுக்கு நடுவில் நிச்சயதார்த்தம், காதுகுத்து, துக்க வீடு. இருபது முப்பது பேர் ஒன்றாகக் கிளம்பும் தேவை மாதம் ஒருமுறையாவது வந்துவிடும்.

வெளியூருக்கு, திருப்பதிக்கோ சபரிமலைக்கோ போவதென்றால் நாலு இடத்தில் விசாரித்து வண்டி பேசுகிறோம். பக்கத்து ஊருக்கு என்றால் "இதோ இருக்கிற இடம்தானே" என்று கண்ணில் பட்ட வண்டியில் ஏறிவிடுகிறோம். இந்தக் குறைந்த தூரப் பயணத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். நம் பகுதியில் குறைந்த தூரம் என்றாலும் பாதி வழி மலைப்பாதையாக இருக்கும்.

சரக்கு வண்டியில் ஆள் ஏற வேண்டாம்

2022 ஏப்ரல் 2, யுகாதி நாள். ஜவ்வாது மலையின் திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில், சேம்பரை மலைக் கோயிலுக்குச் சாமி கும்பிடப் புறப்பட்ட கிராம மக்கள் ஒரு சரக்கு வேனில் நெருக்கியடித்து ஏறினார்கள். மலையேறும்போது வண்டி கட்டுப்பாடு இழந்து பள்ளத்தில் கவிழ்ந்தது. பத்துப் பேருக்கும் மேல் இறந்தார்கள். பெண்களும் சிறுமிகளும் அவர்களில் உண்டு. அவர்கள் போனது தூர தேசத்துக்கு அல்ல, தங்கள் மலையிலேயே இருக்கும் கோயிலுக்கு.

மலைக் கிராமத்தவர் சரக்கு வண்டியில் ஏறுவதற்குக் காரணம் தெரிந்ததுதான்: பேருந்து அரிது, கையில் காசு குறைவு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அடிவாரத்தில் வசதியோடு இருக்கும் நாமும் குட்டி யானையிலும் பிக்கப்பிலும் பாட்டியையும் பேரனையும் ஏற்றி அனுப்புகிறோமே, அதை நிறுத்தலாம்.

சரக்கு வண்டியில் இருக்கை இல்லை, பிடிமானம் இல்லை. மூட்டை அசையாமல் கிடக்கும். ஆட்கள் வளைவு தோறும் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். நின்றுகொண்டிருந்தால் பாரம் இன்னும் மேலே ஏறி, வண்டி சாய்வது எளிதாகிறது. விபத்து நடந்தால் இழப்பீட்டிலும் சிக்கல். சரக்கு வாகனத்தில் பயணியாக ஏறியவருக்குப் பணம் தரும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

எந்த வண்டி, எத்தனை பேர்

முதலில் தலைகளை எண்ணுங்கள், கைக்குழந்தை தவிர எல்லாச் சிறுவர்களுக்கும் ஒரு சீட் வைத்து. ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேர் வரை ஏறுவது மோட்டார் கேப். ஏழு முதல் பன்னிரண்டு பேர் வரை மேக்ஸி கேப். அதற்கு மேல் என்றால் 17, 20, 26 சீட் கொண்ட டெம்போ டிராவலர், பிறகு முப்பது சீட் அளவிலான மினி பஸ், அடுத்தது ஐம்பது பேர் அமரும் பெரிய பஸ்.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் நாற்பது பேர் போவதானால், ஒரு பெரிய பஸ்ஸைவிட இரண்டு வேன்களே நல்லது. குறுகிய வளைவில் நீளமான வண்டி திரும்பச் சிரமப்படும். எதிரில் பேருந்து வந்தால் பின்னால் எடுக்கவும் இடம் இருக்காது.

அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஏற்றினால், கூடுதலான ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் அபராதம் என்கிறது 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். அவர்களை இறக்கி, வேறு வண்டி ஏற்பாடு செய்யும்வரை அந்த வண்டி நகரக் கூடாது. முகூர்த்த நேரத்தில் நடுவழியில் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் போர்டு, பர்மிட், எப்.சி.

வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை என்றால் சொந்த உபயோக வண்டி. "நம்ம பையன் வண்டிதான், டீசல் மட்டும் போட்டால் போதும்" என்று வெள்ளை போர்டு வேனை வாடகைக்கு எடுத்தால், அதன் காப்பீடு வாடகைப் பயணத்துக்குப் பொருந்தாது.

மஞ்சள் போர்டு இருந்தாலும் போதாது. வண்டி எண்ணைக் கேட்டு வாங்கி, கைப்பேசியில் எம்-பரிவாகன் செயலியில் போட்டால் எப்.சி. (தகுதிச் சான்று) எந்தத் தேதி வரை, காப்பீடு எந்தத் தேதி வரை என்று அங்கேயே தெரியும். இரண்டு நிமிட வேலை. புது வாடகை வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எப்.சி.; அதற்குப் பிறகு ஆண்டுதோறும். எனவே பழைய வண்டி என்றால் தேதியைக் கட்டாயம் பாருங்கள்.

வாடகை வேனுக்கு உள்ளது ஒப்பந்த ஊர்தி பர்மிட். ஒரே குழுவை ஏற்றிப் போய்த் திரும்பலாம். வழியில் தனித்தனியாக ஆள் ஏற்றி டிக்கெட் போடக் கூடாது. ஊருக்குள் ஓடும் ரூட் மினி பஸ்ஸின் பர்மிட் வேறு. திருமணத்துக்கு அதைக் கேட்டால், அந்தப் பயணத்துக்கென்று உரிமையாளர் தனியாகச் சிறப்பு பர்மிட் எடுக்க வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்தும் வாடகைக்குக் கிடைக்கும்; அருகிலுள்ள பணிமனையில் முன்கூட்டியே கேளுங்கள். திருப்பதி போன்ற வெளிமாநிலப் பயணம் என்றால் அகில இந்திய சுற்றுலா பர்மிட் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

வாடகையை எப்படிப் பேசுவது

இரண்டு கணக்கு உண்டு. ஒன்று நாள் வாடகை, டீசல் தனி. மற்றது கிலோமீட்டர் கணக்கு; அதில் "ஒரு நாளைக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர்" என்று ஒரு நிபந்தனை இருக்கும்.

படவேடு போய் வருவதற்குக் கிலோமீட்டர் கணக்கு கட்டுப்படியாகாது. குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வண்டி 50 கிலோமீட்டர்தான் ஓடினாலும் 6,250 ரூபாய் தர வேண்டும். இப்படிப்பட்ட பயணத்துக்கு நாள் வாடகையோ அரை நாள் வாடகையோ பேசுங்கள். தூரப் பயணத்துக்குக் கிலோமீட்டர் கணக்கு சரி.

கணக்கு ஷெட்டிலிருந்து ஷெட் வரை என்பதை மறக்காதீர்கள். வேலூரில் நிற்கும் வண்டியை வரவழைத்தால், ஏறக்குறைய 25 கிலோமீட்டர் காலியாக வந்து, அதே தூரம் காலியாகத் திரும்பும். அந்த 50 கிலோமீட்டரும் உங்கள் தலையில். உள்ளூர், சந்தவாசல், ஆரணி வண்டிகளை முதலில் விசாரிப்பது இதற்காகத்தான்.

டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், மாநில வரி, ஏசி ஆகியவை வாடகைக்குள் வருமா, தனியா என்று கேளுங்கள். இரவு தங்கினால் பேட்டா எவ்வளவு? வண்டி பழுதானால் மாற்று வண்டி யார் பொறுப்பு? அட்வான்ஸ் கொடுத்தபின் தேதி மாறினால் என்ன? எல்லாம் பேசி முடித்ததும் தேதி, நேரம், வண்டி எண், மொத்தத் தொகை, கொடுத்த அட்வான்ஸ் இவற்றை ஒரு வாட்ஸ்அப் செய்தியாக உரிமையாளருக்கு அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள். கிளம்பும்போதும் இறங்கும்போதும் மீட்டரைப் படம் எடுத்துக்கொண்டால் பிறகு வாக்குவாதம் வராது.

மலை ஏறும் நாளில்

வண்டி வாசலுக்கு வந்ததும் டயரைக் குனிந்து பாருங்கள். பள்ளக் கோடுகள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தாலோ, பக்கவாட்டில் வீக்கம் தெரிந்தாலோ அந்த வண்டியில் மலை ஏற வேண்டாம். ஸ்டெப்னி, முதலுதவிப் பெட்டி, திறக்கக்கூடிய அவசர வழி இருக்கின்றனவா என்று பாருங்கள். பொங்கல் பானை, அரிசி மூட்டை, விறகு எல்லாவற்றையும் கூரை மேல் ஏற்றாமல் கீழேயே வையுங்கள்.

ஓட்டுநருக்கு மலைப்பாதை பழக்கமா என்பதே முக்கியமான கேள்வி. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு பிரேக்கை மட்டும் நம்பினால், பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால், ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது இறங்கும் வண்டியின் கடமை. விதியே அப்படித்தான் சொல்கிறது.

ஓட்டுநரின் வேலை நேரம் சட்டப்படி நாளுக்கு எட்டு மணி. விடியற்காலை எடுத்த வண்டியை, காவலூர் வானாய்வகமும் அருவியும் பார்த்துவிட்டு நள்ளிரவில் இறக்கச் சொல்வது நம் தவறு. வெளிச்சம் இருக்கும்போதே மலையைவிட்டு இறங்குகிற மாதிரி நேரத்தைத் திட்டமிடுங்கள். அவருக்கும் சாப்பாடும் ஓய்வும் கொடுங்கள். ஆடிப் பாடிக் கொண்டாடுங்கள். ஆனால் "இன்னும் கொஞ்சம் வேகமா போப்பா" என்ற குரல் வண்டிக்குள் எழாமல் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. பயணிகள் பட்டியலையும் வண்டி எண்ணையும் வீட்டில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

கடைசியாகச் செலவு. சரக்கு வண்டிக்கும் பயணிகள் வேனுக்கும் உள்ள வாடகை வித்தியாசத்தை வரும் ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். வித்தியாசம் 3,000 ரூபாய், ஆட்கள் இருபது என்றால் தலைக்கு 150 ரூபாய். கொடுக்க முடியாத உறவினர் ஒருவர் இருந்தால், அவர் பங்கை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளலாம். மொய் எழுதும் ஊரில் அது பெரிய காரியமில்லை.