ஐந்தாம் படி ஏறினால் போதுமா?

"எங்கள் கம்பெனி ஐந்தாம் நிலை!" என்று பெங்களூர் சாப்ட்வேர் நிறுவனங்கள் பெருமையோடு சொல்வதுண்டு. அது என்ன நிலை?

அமெரிக்க ராணுவத்துக்கு எழுதிய சாப்ட்வேர்கள் தாமதமாயின, செலவும் மிஞ்சியது. ஆகவே 1984-ல் ராணுவ இலாகாவின் பணத்தில், பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக்கூடம் அமைந்தது. அங்கே வாட்ஸ் ஹம்ப்ரி வகுத்த முறையிலிருந்து 1991-ல் 'சி.எம்.எம்.' பிறந்தது. பின்னர் அது 'சி.எம்.எம்.ஐ.' ஆனது.

படிகள் ஐந்து. முதற்படியில் ஒழுங்கு கிடையாது. கெட்டிக்காரர் லீவு போட்டால் வேலை நிற்கும். இரண்டாவதில், முன்பு செய்ததைத் திரும்பவும் செய்ய முடியும். மூன்றாவதில் முறை எழுத்தில் வரும். நான்காவதில் பிழைகளுக்குக் கணக்கு உண்டு. ஐந்தாவதில் பிழையின் காரணத்தையே களைவார்கள். பெங்களூர் மோட்டரோலா பிரிவு 1990-களின் முற்பகுதியிலேயே ஐந்தாம் படியை எட்டியது.

ஆனால் எழுதி வைத்த முறை சோதனைக்கு ஈடாகாது. 1996 ஜூன் 4-ந் தேதி ஐரோப்பாவின் ஏரியன்-5 ராக்கெட், கிளம்பிய 40 வினாடிக்குள் சிதறியது. 4 செயற்கைக்கோள்கள் நாசம்! காரணம், ஏரியன்-4-ல் ஒழுங்காக ஓடிய பழைய சாப்ட்வேர். புதிய ராக்கெட்டின் வேகத்தைக் குறிக்கும் எண் அதில் அடங்கவில்லை. புதிய பாதைக்கு அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

நாள் நெருங்கினால் முதலில் வெட்டுப்படுவது சோதனை நேரம்தான். "சோதித்தாயிற்று" என்று கையெழுத்திடுவது சுலபம். பாங்கிப் பணமும் ரெயில் டிக்கெட்டும் இன்று சாப்ட்வேரை நம்பி இருக்கின்றன. சான்றிதழ் காட்டுவோரிடம் ஒன்று கேட்கலாம்: கடைசியாகச் செய்த மாற்றத்தைச் சோதித்தவர் யார்?