பல்வேருக்குள் இறங்கும் சாந்து

மைசூர்ச் சீமைக்கும் பல்லுக்கும் உள்ள சம்பந்தம், 1913-இல் பி.வி. பண்டிதர் தொடங்கிய சத்வைத்தியசாலையின் நஞ்சன்கூடு பல்பொடியால் நம் முந்தைய தலைமுறைக்கு நன்கு பரிச்சயமானதே. அந்தப் பொடி பல்லின் வெளிப்புறத்தைத் துலக்கியதோடு நின்றது. இன்று அதே மைசூரில் ஜே.எஸ்.எஸ்., ஃபாரூக்கியா ஆகிய பல் மருத்துவக் கல்லூரிகளில் பயிலும் மாணவர்களோ பல்லின் உட்புறத்துச் சூட்சுமங்களில் தேர்ச்சி பெறவேண்டியிருக்கிறது.

சொத்தை ஆழ்ந்து பற்கூழ் அழுகிய பல்லில், வேரின் குழாயைச் சுத்தம் செய்தபின், மலாய் நாட்டு மரப்பாலிலிருந்து கிடைக்கும் கட்டா பெர்ச்சா என்ற வஸ்துவால் அதை நிரப்புகிறார்கள். அது தானாகக் குழாயின் சுவரில் ஒட்டாதாகையால், செங்கற்களுக்கு இடையில் சாந்துபோல, சீலர் என்ற பசையும் அவசியமாகிறது. சுவரிலோ இரண்டு மூன்று மைக்ரான் அகலமேயுள்ள நுண்துவாரங்கள், சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம். கிருமிகள் ஒளிந்துகொள்ளும் இடமும் அவையே.

அத்துவாரங்களுக்குள் சீலர் எவ்வளவு தூரம் செல்கிறது என்று காண, பிடுங்கிய பற்களில் ரோடமின் என்னும் சாயம் கலந்த சீலரை நிரப்பி, வேரைக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக அறுத்து, லேசர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். நடுக்குழாயைச் சுற்றிச் செங்கதிர்கள் விரிந்தாற்போல் சாயம் ஒளிர்கிறது. நுனிக்குச் செல்லச் செல்ல, அங்கே துவாரங்கள் குறைவாகவும் பல அடைபட்டும் இருப்பதால், அக்கதிர்கள் குட்டையாகிவிடுகின்றன.

குழாயை நிரப்ப, கட்டா பெர்ச்சாக் குச்சிகளைப் பக்கவாட்டில் நெருக்கி அடுக்குவது பழைய முறை. உஷ்ணத்தால் இளக்கி மேலிருந்து அழுத்துவது, 1967-இல் பாஸ்டன் நகரத்து ஹெர்பர்ட் ஷில்டர் விவரித்த முறை. ஒற்றைக் குச்சியும் பயோசெராமிக் சீலரும் அண்மைக்கால வழக்கம். உஷ்ண முறையில் சீலர் ஆழமாகப் போவதாகச் சில சோதனைகள் காட்ட, வேறு சில பேதமே இல்லை என்கின்றன. கருவி சுரண்டியதால் சுவரில் படிந்த மண்டியை ஈ.டி.டி.ஏ. திரவத்தால் கழுவாவிட்டால், எந்த முறையாலும் பெரும்பயன் இல்லை என்பதே என் அபிப்பிராயம். மருத்துவர் ஊசியால் திரவத்தைப் பாய்ச்சிப் பாய்ச்சி உறிஞ்சுகையில் வாய்பிளந்து கிடப்பவர் சலித்துக்கொள்வதில் நியாயமில்லை.

ஆழமாகச் சென்ற சீலர் கசிவையும் அதே அளவில் தடுக்கும் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. கசியும் எச்சிலோ மேலிருந்தே வருவது. வலி போயிற்றே என்று பல்லின்மேல் ‘கேப்’ போடுவதை மாதக்கணக்கில் ஒத்திப்போடுகிறவருடைய பல்லில், தற்காலிக அடைப்பு தேய்ந்ததும், அந்த எச்சில் கிருமியோடு வேர்வரை இறங்கிவிடும்.